முதலில் உயிரை எடுப்பது எது?

இலங்கை மலைநாட்டின் ராகலை நகரில் பஸ்ஸில் அடிபட்டு விழுந்த நாயைச் சுற்றிக் கூடுகிறவர்களின் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இரத்தம் வழிகிறது, நாய் கத்துகிறது. இரக்கமுள்ள ஒருவர் எங்கிருந்தோ குச்சி தேடி வந்து கட்டுப்போட முனைகிறார். அந்த இரக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மிருக வைத்தியத்தின் அவசர சிகிச்சை முறை கேட்கும் முதல் கேள்வி வேறு: இந்த உடம்பில் இப்போது எது முதலில் உயிரை எடுக்கும்? முறிந்த கால் நாளைக் காலைவரை பொறுக்கும். நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிக்கொண்டிருந்தால் அது அரை மணி நேரம்கூடப் பொறுக்காமல் போகலாம். அது சத்தமும் போடாது.

முறை எளியது. பீறிடும் இரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு படியில் கண்ட கோளாறை அங்கேயே கவனிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. மிருகம் ஓரளவு நிலைப்பட்ட பிறகுதான் தலை முதல் வால்வரை தடவிப் பார்க்கும் இரண்டாம் பரிசோதனை. எக்ஸ்ரே அதற்கும் பிறகு. மூச்சுத் திணறும் பூனையை எக்ஸ்ரே மேசையில் மல்லாத்திப் படுக்கவைத்து, படம் வரும் முன்பே அதை இழந்த கதைகளால்தான் இந்த வரிசை இத்தனை கண்டிப்பானது.

இது மனித வைத்தியத்திலிருந்து வந்தது. அது பிறந்த இடத்தை மலைநாட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1976 பெப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சத்திரசிகிச்சை வைத்தியர் ஓட்டிவந்த சிறு விமானம் வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். படுகாயமடைந்த பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த கிராமத்து வைத்தியசாலையில் இப்படிப்பட்ட காயங்களைக் கையாளப் பழகியவர்கள் இல்லை. வெறுங்கையோடு வயலில் தான் செய்ததே அங்கே கிடைத்த சிகிச்சையைவிட மேலாக இருந்தது என்பது அவருடைய முறைப்பாடு. அந்த ஆற்றாமையிலிருந்து 1978இல் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அதைத் தனதாக்கிக்கொண்டது. ஆக, இது பெருநகர வைத்தியசாலைக்காக எழுந்த முறை அல்ல. தூரத்தில் கிடக்கும், வசதி குறைந்த, சிறிய இடங்களுக்காக எழுந்தது. மிருக வைத்தியம் இதைக் கைக்கொண்டபோது பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் வைத்து வளர்த்தது. ஒட்சிசன் கூண்டு, அல்ட்ராசவுண்ட், இரத்த வங்கி, இரவெல்லாம் விழித்திருக்கும் தாதியர் என்று சுமை ஏறியது. ராகலையிலிருந்து பார்த்தால், இந்த முறையின் முதற்பாதி நம்முடைய சொத்து. பிற்பாதி இன்னும் நமக்கு எட்டவில்லை.

முதற்பாதிக்கு வேண்டியவை கண்ணும் கையும்தான். நாய் தலையை நீட்டி, முழங்கைகளை விலக்கி, வயிறு உள்ளிழுத்து மூச்சு விடுகிறதா? பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் இளஞ்சிவப்பா, வெளுப்பா, நீலமா என்பது தெரியும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தொடையின் உட்புறத்தில் நாடி கிடைக்கிறதா, பாதம் சில்லிட்டிருக்கிறதா, கூப்பிட்டால் கண் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பது பெரும்பாலான காயங்களில் எந்த மருந்தையும்விட அதிகம் செய்யும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று வைக்க வேண்டும். முதல் துணியைப் பிய்த்தால் உறைந்த இரத்தமும் சேர்ந்து வந்துவிடும்.

தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்கெனவே சொந்தமான பொருட்கள் இங்கே கைகொடுக்கின்றன. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு நல்ல தூக்குப் படுக்கை. முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதற்குக் கீழே ஒரு பலகை. பழைய கம்பளி இன்னும் பெரிய உதவி. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் கெடுகிறது, உடம்பில் அமிலம் ஏறுகிறது, அதனால் மேலும் இரத்தம் போகிறது. ஒன்றையொன்று தூண்டும் இந்த மூன்று கேடுகளும் வெப்பமான ஊரைவிட இங்கே விரைந்து வரும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ராகலைப் பக்கத்து மாலைத் தூறலில், கானில் நனைந்து கிடக்கும் நாய்க்குக் குளிரே இரண்டாவது காயம். பாடநூல்கள் சூடேற்றும் காற்றுப் போர்வையைப் பற்றி எழுதுகின்றன. ஈரத்தைத் துடைத்துக் கம்பளியில் சுற்றுவதை ஒரு வரியில் கடந்து போகின்றன. நம் இடத்துக்கு அந்த ஒரு வரிதான் தலைப்பு.

கண்ணை நம்பும் முறை கண்ணாலேயே ஏமாறும் இடங்களும் உண்டு. மலைநாட்டுக்கு உரிய காயங்களில் இது கூடுதலாக நடக்கிறது. ராகலை, கந்தப்பளைப் பக்கத்தில் தேயிலையோடு லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் இருக்கின்றன. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் நாய் சிக்குகிறது, பூனை சிக்குகிறது, சிறுத்தையும் சிக்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் லக்ஷபான தோட்டத்தருகே சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவலவை வரை கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தார்கள். சில நாட்களில் அது இறந்துவிட்டது. நாடே பார்த்த அந்த மரணம், லயத்து நாய்களுக்கு யாரும் பார்க்காமல் நடப்பதுதான். கம்பி இறுகிய இடத்தில் தோலில் ஒரு கோடுதான் தெரியும். அடியில் தசை நசுங்கி, இரத்தம் போகாமல் செத்துக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் இறுகிய கம்பியை அவிழ்த்ததும், தேங்கிய நச்சுப் பொருட்களும் பொட்டாசியமும் உடம்பெங்கும் பாய்ந்து இதயத்தையே தாக்கலாம். கழுத்து இறுகி மூச்சு முட்டினால் உடனே தளர்த்தத்தான் வேண்டும். கால் அல்லது இடுப்பில் தசைக்குள் புதைந்த கம்பியை மட்டும் பிடுங்கி எடுக்காமல், முளையிலிருந்து அறுத்து, கம்பியோடே மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது நல்லது. அவிழ்த்த நாய் எழுந்து ஓடிவிட்டால் "தப்பிச்சிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் அது லயத்துக் கோடியில் செத்துக் கிடக்கும்போது சுருக்கோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கடிகாயமும் அப்படித்தான். பெரிய நாய் சின்ன நாயை, அல்லது நாய் பூனையைக் கவ்வி உதறும்போது மேலே நாலு துளைகள். உள்ளே தோல் தசையிலிருந்து கழன்று, விலா முறிந்து, சில வேளை குடலே கிழிந்திருக்கும். துளை மூடிக்கொள்ளும், அழுக்கு உள்ளே இருக்கும். துளைக்கு மஞ்சள் அப்பி விட்டுவிடுவது இங்கே மிகவும் ஆபத்தான ஆறுதல். வாகன விபத்தைப் பற்றி 2004இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதற்கு எண்ணால் சாட்சி சொல்கிறது. பொய்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் வாகனத்தில் அடிபட்ட 100 நாய்களின் வயிற்றை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். 45 நாய்களின் வயிற்றுக்குள் திரவம் இருந்தது. வெளிக்காயத்தை வைத்து மட்டும் இதை ஊகிக்க முடியாது. முறையின் பிற்பாதி வெறும் ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும். கருவி இல்லாத இடத்தில் செய்யக்கூடியது மறுபடி மறுபடி பார்ப்பது: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு, ஈறு, நாடி, வயிறு. ஒருமுறை பார்த்து "பரவாயில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதில்தான் அதிக நாய்கள் போகின்றன என்பது என் எண்ணம். அடுத்த 24 மணி நேரத்தில் சிறுநீர் போகிறதா என்று பார்ப்பதும் இதில் சேரும். சிறுநீர்ப்பை கிழிந்த நாய் முதல் நாள் நடமாடும்.

இந்த முறையை நான் மதிப்பதற்கு மிகப் பெரிய காரணம், அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தயங்காதது. அதிர்ச்சியில் இருக்கும் நாய்க்கு கிலோவுக்கு 90 மில்லிலீற்றர் சேலைனை வேகமாக ஏற்றுவது ஒரு காலத்தில் பாடம். பத்துக் கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ இரண்டு போத்தல். உள்ளே இரத்தம் கசியும் நாய்க்கு இப்படி ஊற்றினால் அழுத்தம் ஏறி, அப்போதுதான் உறைந்த கட்டி பிடுங்கிக்கொள்ளும். இருக்கிற இரத்தமும் நீர்த்துப்போகும். 1994இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், உடற்பகுதியில் சூடும் குத்தும் பட்ட 598 மனிதர்களிடம் நடந்த ஆய்வில், சத்திரசிகிச்சை வரை சேலைனைத் தள்ளிப்போட்டவர்களே கூடுதலாகப் பிழைத்தார்கள். இப்போது நாய்க்கு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை கொடுத்து, நிறுத்தி, பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி கொடுக்கிறார்கள். டெக்சாமெதசோனின் கதையும் இதுவே. அடிபட்ட மிருகம் எதுவானாலும் ஸ்டீரொயிட் ஊசி என்ற பழக்கத்துக்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருந்ததில்லை. தலையில் அடிபட்ட 10,008 மனிதர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, ஸ்டீரொயிட் கொடுத்தவர்களில் மரணம் கூடியதைக் காட்டியது. ஆனாலும் அந்த ஊசி தெற்காசியாவில் இன்னும் முற்றாக ஓயவில்லை. மலிவானது, உடனே கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் காட்டும். இங்கே குற்றம் முறையின்மேல் இல்லை. திருத்தம் பாடநூலில் வந்து, சிற்றூர் மேசைக்கு வந்து சேர ஒரு தலைமுறை ஆகிவிடுகிறது.

பூனையிடம் வரும்போது முறையின் பலவீனம் தெரிகிறது, ஏனென்றால் இது நாயை மனதில் வைத்து வளர்ந்தது. அதிர்ச்சியில் நாயின் இதயம் வேகமாக அடிக்கும். பூனையின் இதயம் பல வேளைகளில் மெதுவாகிவிடும், உடம்பு சில்லிடும், அழுத்தம் விழும். நாய்க்கணக்கில் பார்ப்பவர் "நாடி நிதானமாக இருக்கிறது" என்று தவறாக நிம்மதி அடையலாம். குளிர்ந்த பூனைக்கு முதலில் சூடு, அதோடு மிகச் சிறிய அளவில் சேலைன். அவசரப்பட்டு ஏற்றினால் பூனைக்குச் சூடு திரும்பும்போது அந்த நீர் நுரையீரலில் நிற்கும். நாய்க்கு முதல் தடவை இன்னொரு நாயின் இரத்தத்தைக் குழு பார்க்காமலே ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கும். பூனைக்குக் குழு பார்க்காமல் ஒரு சொட்டும் ஏற்றக்கூடாது, பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் உயிரைப் பறிக்கும். வீட்டில் செய்யும் பெருந்தவறு ஒன்றும் இங்கே உண்டு. எல்லா லயத்திலும் பனடோல் இருக்கிறது. பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் ஈறு தவிட்டு நிறமாகும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். வலியில் துடிக்கும் பூனைக்கு அன்போடு கரைத்துக் கொடுத்த அந்தக் குளிசையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.

புள்ளி போடும் பழக்கத்தைப் பற்றி எனக்கு மனத்தடை உண்டு. 1994இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட காயப் புள்ளித் திட்டம் இரத்த ஓட்டம், இதயம், மூச்சு, தோல் தசை கண், எலும்பு, நரம்பு என்று ஆறு பகுதிகளுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி தருகிறது. மொத்தம் 18. புள்ளி ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு விழுகிறது. பின்னர் பெரிய பதிவேடுகளில் ஒப்பிட்டபோதும் இது ஓரளவு சரியாகவே நின்றது. இரண்டு மிருகங்கள் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்பதற்கும், தொலைபேசியில் இன்னொரு வைத்தியரிடம் நிலைமையைச் சொல்வதற்கும் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் "இறந்தது" என்று எண்ணப்பட்டவற்றில், செலவு தாங்காமல் ஊசி போட்டுக் கொல்லப்பட்டவையும் இருக்கின்றன. அதாவது, சிகிச்சையின் எல்லையோடு உரிமையாளரின் பணப்பையின் எல்லையும் அந்த எண்ணுக்குள் கலந்து கிடக்கிறது. அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒரு தோட்டத்து நாயின் விதியை முடிவுசெய்தால், ஏழ்மையை ஒருமுறை அங்கேயும் இன்னொருமுறை இங்கேயும் எண்ணுகிறோம். புள்ளி வரிசை சொல்லலாம். தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இனித் தூரம். இலங்கையில் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பிரதேசந்தோறும் இருக்கின்றன. ஆனால் அவை பால்மாட்டைச் சுற்றி அமைந்தவை: செயற்கை முறைச் சினைப்படுத்தல், கால்வாய் நோய்த் தடுப்பூசி, கன்று. மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களுக்கு அது பெரிய துணை, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. நாயோ பூனையோ இரவு எட்டு மணிக்கு அடிபட்டால் அந்தக் கதவு பூட்டியிருக்கும். சத்திரசிகிச்சை வசதியோடு நம்பிப் போகக்கூடிய இடம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து, அங்கிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கி இன்னும் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் போக வேண்டும். நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்க 2021 வரையும் 1,350 ரூபாய் ஆக்க 2024 வரையும் போராடிய வீடுகளில், அந்த வாடகை வாகனக் கூலி பல நாள் உழைப்பு. மனிதர்களுக்கு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் பின்னர் நாடெங்கும் வந்தது. இந்தியாவில் மிருகங்களுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் வைத்திய வண்டிகள் ஓடுகின்றன. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. நிலைப்படுத்து, பிறகு அனுப்பு என்பது இந்த முறையின் அடிப்படை. அனுப்ப இடமும் வண்டியும் இல்லாதபோது நிலைப்படுத்துதல் எதில் போய் முடியும் என்று அதன் நூல்கள் சொல்வதில்லை. இதுதான் நான் காணும் மிகப் பெரிய ஓட்டை.

கூட்டத்தின் பாதுகாப்பையும் விட்டுவிட முடியாது. வலியில் இருக்கும் நாய் வளர்த்த கையையும் கடிக்கும். துணிப்பட்டியால் வாயைக் கட்டலாம், ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டக்கூடாது. அவற்றைப் போர்வையால் தலைப்பக்கம் மூடித் தூக்க வேண்டும். 1970களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற விசர்நாய்க்கடி நோய் இப்போது பெரிதும் அடங்கியிருக்கிறது, ஒழியவில்லை. கடிபட்டவர் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாய் அடிபட்டதால்தான் கடித்தது என்பது தடுப்பூசியைத் தவிர்க்கக் காரணமாகாது. விசர் பிடித்துத் தள்ளாடிய நாய்தான் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்திருக்கவும் கூடும்.

நம் பக்கத்துப் பழைய கைவைத்தியத்தை முழுதாகத் தள்ள எனக்கு மனமில்லை. உப்பு நீரால் கழுவுவது நல்லது. அசையாமல் இருட்டான மூலையில் படுக்கவைப்பது நல்லது. புழு வைத்த காயத்தில் மண்ணெண்ணெயும் பினைலும் ஊற்றுவது புழுவோடு உயிருள்ள தசையையும் எரிக்கிறது. பூனை அதை நக்கினால் நஞ்சு. இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

கொல்லாமை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது நாட்டின் கொள்கை. கோயில், விகாரை இரண்டும் வளர்த்த மனமும் அதையே சொல்கிறது. முறிந்த முதுகோடு வந்த நாய்க்கு உடனே ஊசியைத் தேடாத இந்த மனம், மேலை முறையில் இல்லாத ஒரு பலம். ஒரு காலை எடுத்தால் பிழைத்து மூன்று காலில் ஓடக்கூடிய எத்தனையோ நாய்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் ஊசியும் வேண்டாம், வலிக்கு மருந்தும் இல்லை, சாக்கில் போட்டுக் கோயிலடியில் வைத்துவிட்டு வருவோம் என்றால் அதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியாது. கொல்ல மறுக்கிறவர் வலியைக் குறைக்கும் கடமையை இரட்டிப்பாக ஏற்கிறார். வலி நிவாரணம் அவசர சிகிச்சையின் கடைசிப் படி என்ற எண்ணமும் தவறு. வலி இதயத்தை விரட்டுகிறது, மூச்சை ஆழமின்றி ஆக்குகிறது, குணமாவதைத் தள்ளிப்போடுகிறது. முதல் பரிசோதனை முடிந்த கையோடு அது தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய வைத்தியசாலை கட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மிருக வைத்தியத்தைப் பதிவுபெற்றவர்களின் கையில் வைத்திருக்கிறது. ஊசியும் கத்தியும் அவர்களிடமே இருக்கட்டும். மூச்சு, ஈறு, நாடி, அழுத்திப் பிடித்தல், கம்பளி ஆகிய ஐந்தையும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தோட்ட மருந்தகத்தாருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுக்கலாம். பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் ஒரு சிறிய ஒட்சிசன் சிலிண்டர், நெஞ்சில் தேங்கிய காற்றை உறிஞ்ச மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியும் மூவழிக் குழாயும், சேலைன், கீற்றமின், இரத்தம் உறையவைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் ஆகியவை ஒரு பெட்டியில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன மருந்துக்கு நாய் பூனைகளிடம் பெரிய ஆய்வு இன்னும் இல்லை. 2010இல் 20,000க்கும் மேற்பட்ட மனிதர்களிடம் பலன் காட்டியது, முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் உதவும். மூன்று மணி நேரம் என்பது, இரவில் ஒரு வண்டி கிடைத்து ராகலையிலிருந்து பேராதனைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. அதனால் அந்த மருந்து பேராதனையில் மட்டும் இருந்து பயனில்லை, ராகலையில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கும், இரவு எட்டு மணிக்கு எந்த எண்ணை அழைப்பது என்பதை மாகாணத் திணைக்களம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.